‘காணப்படவில்லை’ என்பதை நம்பி மொட்டை போட்டவன்

இப்போது என் கழுத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, தலையில் முடி இருக்கிறது. போன வைகாசியில் தழும்பும் கிடையாது, முடியும் கிடையாது. தழும்புக்குக் காரணம் நோய். மொட்டைக்குக் காரணம் என் அவசர புத்தி. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் மருந்து ஏற்றித்தான் முடி கொட்டிவிட்டது என்று நினைத்து, எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். திருச்செந்தூரில் போட்ட மொட்டை என்று எத்தனை பேரிடம்தான் விளக்குவது? கொஞ்ச நாளில் அலுத்துப்போய், கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மூன்று தலைமுறையாகத் தி.நகரில் சேலைக்கடை. சேலைக்கடைக்காரன் பிழைப்பு என்னவென்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. வாங்க வந்தவர் முகம் சுளித்தால், சேலையைப் பிரித்து நம் தோளிலேயே முந்தானையைப் போட்டு, கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். மீசை வைத்த ஆள் மேல் நன்றாக இருக்கிற சேலை, யார் கட்டினாலும் நன்றாக இருக்கும் என்பது எங்கள் கணக்கு. அந்த வகையில் இந்தத் தெருவில் எந்தக் கல்யாணப் பெண்ணைவிடவும் அதிகமாகப் பட்டு போட்டுப் பார்த்தவன் நான்.

அப்படி ஒரு நாள் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கையில், தேவிகா என் கழுத்தையே பார்த்தாள். தேவிகா எங்கள் கடையின் மூத்த விற்பனைப் பெண். தேனாம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். மனதில் பட்டதை அடக்கி வைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அண்ணாச்சி, கழுத்தாண்ட இன்னாமோ உருண்டையா கீது. நீங்க மோர் குடிக்க சொல்ல ஏறி எறங்கிக்கினு இருந்துச்சு, அப்பவே பாத்தேன்" என்றாள்.

சேலை பார்க்க வந்த அம்மாள் சேலையை விட்டுவிட்டு என் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் கண்ணாடியில் எச்சில் விழுங்கிப் பார்த்தேன். ஒரு கோலிக்குண்டு மேலே போய்க் கீழே வந்தது. அந்த அம்மாள் பட்டு வாங்கவில்லை. அவருடைய நாத்தனாருக்கும் இதே மாதிரி வந்து, பாவம், என்று தொடங்கி, என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார். அந்த நாத்தனாருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடும்ப டாக்டர். அவர் தடவிப் பார்த்து, தைராய்டில் கட்டி, பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும், எதற்கும் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஊசி போட்டுக் கொஞ்சம் செல்களை உறிஞ்சிப் பார்த்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார். தைராய்டு என்பது குரல்வளைக்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி. அதில் கட்டி வருவது சளி பிடிப்பது போல சகஜமாம். அந்தக் கட்டிகளில் சிலது மட்டும் கெட்டது.

என் மனைவி கோமதி அடையாறுப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியை. நானும் கூட வருவேன் என்றாள். ஆனால் அப்போது விடைத்தாள் திருத்தும் முகாம், விடுப்பு கிடையாது. நான் தனியாகப் போனேன். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. டாக்டர் முதலில் எழுதியது ஸ்கேன், இரண்டாவது எழுதியது ஊசி. இரண்டாவதுக்கு வரிசையே இல்லை. நான் வியாபாரி, வரிசை இல்லாத பக்கம்தான் போவேன். அங்கே ஒருவர் கையால் தடவி, கட்டியைப் பிடித்து, ஒரே ஒரு குத்து. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ரிப்போர்ட்டை நானே வாங்கினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கொடுத்த மாதிரியில் புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, ஆனால் மேல் வரியைப் படித்த பிறகு கீழ் வரியைப் படிக்கிறவன் மனுஷனா? அங்கேயே நின்று கணேசனுக்குப் போன் போட்டேன்.

கணேசன் கோமதியின் தம்பி. பாலவாக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். எந்தக் காரியத்துக்கும் ஒரு வேண்டுதல் வைப்பான், எந்த வேண்டுதலையும் மறுநாளே நிறைவேற்றிவிடுவான், முருகனிடம் கடன் நிற்கக் கூடாது என்பது அவன் கொள்கை. ஊசி போடப் போகிற அன்றே என் சார்பில் அவன் திருச்செந்தூருக்கு மொட்டை வேண்டியிருந்தான். "அத்தான், தள்ளிப்போடக் கூடாது. இன்னைக்கு ராத்திரியே ரயில் ஏறிருவோம்" என்றான். டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு எனக்கு எழும்பூர் போகிற வழியில் ஒரு தடவை வந்தது. திரும்பி வந்து காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கடலில் குளித்து, மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தரிசனம் முடிந்து, சென்னை வந்து சேர்ந்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்தோம்.

கோமதி கதவைத் திறந்தாள். என் தலையைப் பார்த்தாள். ரிப்போர்ட்டைக் கேட்டாள். நின்ற இடத்திலேயே இரண்டு வரியையும் படித்தாள். கீழ் வரியில், பரிசோதனைக்குக் கிடைத்த செல்கள் மிகவும் குறைவு என்று இருந்ததாம்.

"இதுல எங்க இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு?"

"காணப்படவில்லைன்னு போட்டிருக்கானே."

"காணலைங்கறது வேற, இல்லைங்கறது வேற. சாவியைக் காணலைன்னா சாவியே இல்லைன்னா அர்த்தம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வீட்டில் ஒரு மனுஷன் சந்தோஷமாக மொட்டை போட்டுக்கொண்டு வரக்கூடக் கூடாதா? முருகன் காப்பாற்றிவிட்டான், இனிமேல் போய் இன்னொரு டெஸ்ட் எடுத்தால் அது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா என்று கேட்டேன். கணேசனும் பின்னாலிருந்து, அதானே, என்றான்.

கோமதி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முருகன் ஒண்ணும் சொல்லலை. நீங்கதான் அவருக்குப் பதிலா ரிப்போர்ட் வாசிச்சிருக்கிய" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சு. அந்தச் சோதனைக்கு பவர் போதாது என்பாள். மாத்திரைக்கு பவர் உண்டு, கண்ணாடிக்கு பவர் உண்டு, டெஸ்டுக்குமா என்பேன். உண்டு, மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பிப்பாள். எனக்குக் கொட்டாவி வரும். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிற நேரம், ஆஸ்பத்திரி என்ற பேச்சே எனக்கு வேண்டாம். உள்ளுக்குள் பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றுமில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட்ட காது, மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்க மறுத்தது.

கோமதி வாதம் பண்ணுவதை நிறுத்தினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன்னால், என்னோடு கிடங்குக்கு வந்து நின்றாள். தேவிகா அங்கே முன்னாலேயே இருந்தாள். இருவரும் பேசி வைத்திருந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நான் சரக்கு பார்க்கும் விதம் தெருவில் பிரசித்தம். நூறு சேலை வந்தால், கட்டை அவிழ்த்து, மேலாகக் கைக்கு வந்த இரண்டை உருவி, கரையைக் கட்டை விரலால் ஒரு இழுப்பு, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி ஒரு பார்வை. சரியாக இருந்தால் "ஏத்து" என்பேன், நூறும் அலமாரிக்குப் போய்விடும். என் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார். எங்களுக்குக் கண்ணே தராசு என்று பேர்.

கோமதி ஒரு கட்டைக் காட்டினாள். நூறு சேலை. இதில் சேதம் இருக்கிறதா இல்லையா என்று எப்போதும் பார்க்கிற மாதிரி பார்த்துச் சொல்லுங்கள், சரியாகச் சொல்லிவிட்டால் இனி ஜென்மத்துக்கும் டெஸ்ட் என்ற வார்த்தையை எடுக்க மாட்டேன் என்றாள். என் மொட்டைத் தலை வரைக்கும் சந்தோஷம் ஏறியது. இரண்டை உருவினேன். இழுத்தேன். தூக்கிப் பார்த்தேன்.

"சுத்தம். ஏத்து."

தேவிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் கோமதியும் முந்தின நாள் சாயங்காலமே அந்த நூறில் பத்துச் சேதச் சேலைகளைக் கலந்து வைத்திருக்கிறார்கள். தேவிகா ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள். ஒன்றில் ஜரிகை அறுந்திருந்தது, ஒன்றில் எண்ணெய்க் கறை, ஒன்றில் கரையும் உடலும் வேறு வேறு சாயம். இது போங்கு, இன்னொரு தடவை என்றேன். கலைத்து அடுக்கினார்கள். மறுபடியும் சுத்தம் என்றேன். நானாகவே அடம்பிடித்துப் பத்துத் தடவை பார்த்தேன். பத்தில் இரண்டு தடவைதான் சேதம் என் கையில் சிக்கியது. இதில் ஒரு தடவை, சேதச் சேலையையே கையில் பிடித்து, லைட்டுக்குத் தூக்கிப் பார்த்து, சுத்தம் என்று சொல்லிவிட்டேன். ஜரிகையில் ஒரே ஒரு இழை விட்டுப்போயிருந்தது, அது என் கண்ணுக்குப் படவில்லை.

"அண்ணாச்சி, கண்ணுல ஒண்ணும் கொற இல்ல. ரெண்டே ரெண்டு எடுத்தா அது இன்னாத்த மாட்டும்?" என்று தேவிகா சமாதானம் சொன்னாள்.

நான் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கோமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க தொடங்கும்போதே சரக்கு நல்லதுன்னு வச்சுக்கிட்டுத்தான் தொடங்குதிய. அதுல தப்பில்லை, நாங்களும் அப்படித்தான் தொடங்குவோம். ஆனா அதுக்கு எதிரா ஒண்ணும் மாட்டலைன்னா, நல்லதுன்னு நிரூபணமாயிட்டுன்னு அர்த்தமில்லை. மாட்டலை, அவ்வளவுதான். சேதம் நிஜமாவே இருந்தா, இந்தச் சோதனை அதைப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு? அதுக்குப் பேர்தான் பவர்."

அன்று எனக்கு விளங்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நூறில் பத்து சேதம் இருந்து, நான் இரண்டு மட்டும் உருவினால், பத்தில் எட்டுத் தடவை ஏமாந்துபோவேன். அதே கட்டில் இருபது உருவினால், பத்தில் ஒன்பது தடவை பிடித்துவிடுவேன். கண் அதே கண்தான், எடுத்த எண்ணிக்கைதான் வேறு. சேதம் நிறைய இருந்தால், கொஞ்சம் எடுத்தாலே சிக்கிவிடும். உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தால் குருட்டுப் பார்வைக்கும் தெரியும், ஒரு இழை அறுந்திருந்தால் நிறைய வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும். ஆகக்கூடி, சோதனையில் ஒன்றும் மாட்டவில்லை என்று ஒருவன் சொன்னால், பதிலுக்கு நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இருந்திருந்தால் மாட்டியிருக்குமா? அதையும் உருவுவதற்கு முன்னால் கேட்டுக்கொண்டு, எத்தனை உருவுவது என்று முடிவு பண்ண வேண்டும். உருவி முடித்த பிறகு கேட்டால் வீட்டில் சண்டைதான் வரும்.

என் கழுத்திலிருந்து அந்த ஆள் உருவியது ஒரே ஒரு குத்து, அதிலும் செல் போதாது. அதை நம்பித்தான் மொட்டை.

போவோம் என்றேன்.

நடுவில் கணேசன் சும்மா இருக்கவில்லை. பவர் என்றால் நிறைய டெஸ்ட் என்று அவனாகப் புரிந்துகொண்டு, தலை முதல் கால் வரை எல்லாவற்றையும் சோதிக்கிற ஒரு பேக்கேஜில் சேர்ந்து, அத்தனையும் எடுத்துவிட்டான். அதில் கல்லீரலில் ஏதோ ஒன்று கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு வாரம் கஞ்சி குடித்துக்கொண்டு உயில் எழுதுகிற யோசனையில் இருந்தான். மறுபடி எடுத்தபோது ஒன்றுமில்லை. சின்ன நூல் பிசிறுக்கெல்லாம் கட்டைத் திருப்பி அனுப்பினால், நல்ல சரக்கும் திரும்பிப் போய்விடும் அல்லவா, அது இன்னொரு வகைத் தப்பு என்றாள் கோமதி. காரணமில்லாமல் நூறு சோதனை எடுத்தால், ஒன்றிரண்டு சும்மாவாவது கூச்சல் போடுமாம்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி. வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சுவரில் தைராய்டு படம், பக்கத்தில் சத்தம் குறைத்த டிவியில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் என் தலையைப் பார்த்துவிட்டு, எத்தனையாவது சுற்று மருந்து தம்பி என்று மெதுவாகக் கேட்டார். முருகன் சுற்று என்றேன். அவர் தெய்வ நம்பிக்கைதான் முக்கியம் என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

டாக்டர் அம்மாவுக்குக் கோமதி வயதுதான் இருக்கும். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நான் எடுக்காமல் விட்ட ஸ்கேனை அங்கேயே எடுத்துப் பார்த்தார், மறுபடி ஊசி போட வேண்டும் என்றார். எங்கள் வீட்டம்மா விடவில்லை. இந்தத் தடவை எத்தனை இடத்தில் குத்துவீர்கள், ஸ்கேன் பார்த்துக்கொண்டே குத்துவீர்களா, செல் போதுமா என்று அங்கேயே பார்ப்பீர்களா, கெட்டது இருந்தால் மாட்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று வரிசையாகக் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் யாராவது இப்படிப் பேரம் பேசுவார்களா?

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் என்கிட்ட, ஒண்ணும் இருக்காதுல்ல டாக்டர்னுதான் கேப்பாங்க. நீங்கதான் இருந்தா தெரியுமான்னு கேக்குறீங்க" என்றார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பல இடங்களில் எடுப்போம், பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து செல் போதுமா என்று பார்ப்பார், பழைய குத்தைவிட எவ்வளவோ மேல், ஆனால் முழுசாக உத்தரவாதம் தருகிற சோதனை உலகத்தில் கிடையாது என்று சொன்னார். கோமதிக்கு அந்தக் கடைசி வாக்கியம் ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

இந்தத் தடவை எறும்பு கடியெல்லாம் இல்லை. முழுப் புற்றையே கழுத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில், விழுங்காதீங்க, பேசாதீங்க என்றார்கள். விழுங்காதே என்று சொன்ன பிறகுதான் வாயில் எச்சில் ஊறும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

ரிப்போர்ட் வாங்க இருவரும் சேர்ந்து போனோம். இந்தத் தடவை நான் ஒரு வரியும் படிக்கவில்லை, கோமதியின் முகத்தைத்தான் படித்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அம்மாதான் சொன்னார். புற்றுநோய்தான். தைராய்டில் வருவதிலேயே மெதுவாக நகர்கிற வகை, சின்னதாகத்தான் இருக்கிறது, சீக்கிரமே பிடித்துவிட்டோம், சுரப்பியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நன்றாக இருப்பார்கள்.

அவர் சொன்ன நல்ல வார்த்தை எதுவும் என் காதில் ஏறவில்லை. முதல் வார்த்தை மட்டும்தான் ஏறியது. ஆடித் தள்ளுபடி முடிந்து வரலாமா டாக்டர் என்று என் வாய் கேட்டது. சத்தியமாக நான் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டது. பயப்படுகிற அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ என்ன பண்ணுவாய் என்று கோமதியைக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அழுவாத சார். மொட்டையப் போட்டாச்சில்ல, அவரு பாத்துப்பாரு" என்றார். எந்தச் சாமி என்றுகூட அவர் கேட்கவில்லை.

ஆப்பரேஷன் காலையில். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. பச்சை அங்கியை மாட்டி, தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள், முடி விழாமல் இருக்க. மொட்டைக்கு எதற்கு என்று கேட்டேன், சிஸ்டர் சிரிக்காமல் மாட்டிவிட்டார். கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் ஒரு குப்பி. காயத்தில் ஊறும் நீர் வடிவதற்காம். எங்கே போனாலும் அந்தக் குப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும்.

குரல் போய்விட்டது. தைராய்டுக்குப் பின்னால் குரல் நரம்பு ஓடுகிறது, வீங்கியிருப்பதால் சில நாள் இப்படித்தான் என்றார்கள். கத்திக் கத்தியே சேலை விற்றவன் நான், ஒரே நாளில் காற்றாகிப் போனேன். சாயங்காலம் விரலெல்லாம் மதமதவென்று மரத்துக் குறுகுறுத்தது. சுண்ணாம்புச் சத்தை அளவாக வைத்திருக்கும் மிளகு அளவுச் சுரப்பிகள் சில தைராய்டோடு ஒட்டியிருக்குமாம், அவை மிரண்டுபோனால் உடம்பில் கால்சியம் குறைந்து இப்படி ஆகும். மாத்திரை கொடுத்ததும் சரியாயிற்று. என்னுடைய நிரந்தர துக்கம் வேறு. இனி வாழ்நாள் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை, அதன் பிறகு அரை மணி நேரம் காபி கிடையாது. புற்றுநோய் என்றபோதுகூட நான் இவ்வளவு மனம் விட்டுப்போகவில்லை.

கோமதி ரசம் சாதத்தைக் குழைத்து, கஞ்சி மாதிரி ஆக்கி, ஸ்பூனில் ஊட்டினாள். நான் வாயைத் திறக்காவிட்டால் ஸ்பூன் அங்கேயே காத்திருக்கும், போகாது. தேவிகா கடையிலிருந்து வந்து, ஆடிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். எந்த விலைக்கு எதைத் தள்ளுவது என்று நான் கையால் ஜாடை காட்ட, அவள் தப்பாகப் புரிந்துகொண்டதாக நடித்து, தான் முன்னாலேயே பண்ணியதைத்தான் நான் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது, கிடங்கில் இனி இருபது உருவித்தான் ஏத்துகிறோம், பையன்கள் எல்லாம் புலம்புகிறான்கள் என்றாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒப்புதல் வரும் வரை சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். நோயாளியும் இல்லை, சொந்தக்காரனும் இல்லை, இரண்டுங்கெட்டான் நிலை. அப்போது கதவைத் திறந்துகொண்டு கணேசன் வந்தான். சாயம் போட்டு, படிய வாரி, பத்து வயது குறைத்துக் காட்டுகிற அவன் தலைமுடியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் தெரியாதவர் கிடையாது. இப்போது அங்கே ஒன்றுமில்லை, சந்தனம் மட்டும் இருந்தது.

"அத்தானுக்குத் தலையில முடி இல்லையேன்னு பாத்தேன். அதான், இந்தத் தடவை என்னோடதை வேண்டிக்கிட்டேன்" என்றான். எனக்குக் குரல் இல்லாததால் அவனைத் திட்ட முடியவில்லை. கழுத்துக் கட்டு நனைகிற அளவுக்கு அழுதேன், சிஸ்டர் வந்து இருவரையும் சத்தம் போட்டார்.

எடுத்த சுரப்பியைப் பரிசோதித்ததில் கட்டி அதற்குள்ளேயே அடங்கியிருந்தது, பக்கத்துக்குப் பரவவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, முதலில் தகர டப்பா மாதிரி, பிறகு என்னுடையது மாதிரி. முடி வளர்ந்தது. தீபாவளிக் கூட்டம் முடிந்த பிறகு, ரத்தமும் ஸ்கேனும் எடுத்துக்கொண்டு டாக்டர் அம்மாவிடம் போனோம்.

நான் ஆயத்தமாகத்தான் போனேன். கோமதி இந்த அறையில் குறைந்தது அரை மணி நேரமாவது கேள்வி கேட்பாள் என்று, கைப்பையில் பிஸ்கெட் எல்லாம் வைத்திருந்தேன். டாக்டர் அம்மா படத்தைப் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், சிரித்தார். எதுவும் காணப்படவில்லை, நன்றாக இருக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். சொல்லிவிட்டுக் கோமதியைப் பார்த்துக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

கோமதி, தேங்க்ஸ் டாக்டர், என்றாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். வண்டி நிறுத்துகிற இடத்தில், மரத்தடிச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கட்டி என்று கேட்ட அன்று அழாதவள், ஆட்டோவில் அழாதவள், ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் அழாதவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். காரை எடுக்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு, கெட்ட செய்தி போல என்று ஒதுங்கிப் போனார்கள்.

"நல்லதுதானே சொன்னாங்க. நீ ஏன் ஒண்ணும் கேக்கலை? இருந்தா தெரியுமான்னு கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்குப் பதில் எனக்கே தெரியும். அவங்களைவிட நல்லாத் தெரியும். மாசக்கணக்கா ராத்திரி அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும், தெரியாதவ மாதிரி இருந்துக்கிடுதேன்."